விண்வணிக விளையாட்டிற் போர்த்திறனும் மீகாமன் தேர்ச்சியும்: ‘எலைற்’ பற்றிய ஒரு மதிப்பீடு

சதுரங்கப் பலகையிலே குதிரையும் யானையும் ஆயிரம் முறை பொருதாலும் அவற்றின் வலி சிறிதும் கூடுவதில்லை. முதலாட்டத்தில் எவ்வாறு நகர்ந்தனவோ அவ்வாறே நூறாவது ஆட்டத்திலும் நகர்கின்றன. வளர்வது ஆடுவோனின் அறிவேயாம். கணினியிலே ஆடப்படும் விளையாட்டுக்கள் பலவற்றில் இந்நிலை மாறியுள்ளது. ஆடுவோன் இயக்கும் வீரனுடைய வலியும் விரைவும் நுண்ணறிவும் எண்களாக வகுக்கப்பட்டு, வெற்றி தோறும் அவ்வெண்கள் உயர்த்தப்படுகின்றன. ஆகவே, தேர்ச்சி என்பது ஆடுவோனிடத்து உளதா, அன்றி அவனால் இயக்கப்படும் பாத்திரத்திடத்து உளதா என்னும் வினா எழுகின்றது. அதனைத் தொடர்ந்து இன்னொரு வினாவும் எழும். தேர்ச்சியை அளப்பதாகக் கூறிக்கொள்ளும் அளவுகோல் உண்மையில் தேர்ச்சியைத்தான் அளக்கின்றதா என்பதே அது. இவ்விரு வினாக்களையும் ஆராய்வதற்கு விண்வணிக விளையாட்டினும் ஏற்றதொரு களம் இல்லை. அவ்வகை விளையாட்டுக்களுள் பிற்காலத்தார்க்கு முன்மாதிரியாய் அமைந்தது ‘எலைற்’ ஆகும்.

‘எலைற்’ 1984ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் இங்கிலாந்திலே வெளிவந்தது. கேம்பிறிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த டேவிட் பிறேபன், இயன் பெல் என்னும் இருவர் அதனை ஆக்கினர். அக்கோண்சொவ்ற் நிறுவனம் அதனை பி.பி.சி. மைக்றோ என்னும் கணினிக்கென வெளியிட்டது. அக்கணினியின் நினைவகம் 32 கிலோபைற்று அளவினதே. அச்சிறு இடத்தினுள் எட்டு விண்மீன் மண்டலங்களும், மண்டலமொன்றுக்கு 256 கோட்டொகுதிகளாக மொத்தம் 2,048 தொகுதிகளும் அடங்கின. அவற்றின் பெயர், ஆட்சிமுறை, பொருளியல் நிலை முதலியன ஒவ்வொன்றாக எழுதிச் சேமிக்கப்பட்டன அல்ல. சில வித்தெண்களிலிருந்து கணித முறையால் வேண்டியபோது தோற்றுவிக்கப்பட்டன. சிறிய வித்தினுள் பெரிய ஆலமரம் அடங்கியிருத்தல் போல்வது இவ்வமைப்பு.

அக்காலத்துக் கணினி விளையாட்டுக்களில் ஆடுவோனுக்கு மூன்று உயிர்கள் கொடுக்கப்படுவதும், சுட்டு வீழ்த்தியவற்றுக்குப் புள்ளிகள் வழங்கப்படுவதும், சில நிமிடங்களில் ஆட்டம் முடிவதும் வழக்கமாயிருந்தன. ‘எலைற்’ இம்மூன்றையும் நீக்கியது. அதன் மீகாமன் லேவ் என்னும் கோளின் துறைநிலையத்திலே, கோப்றா மூன்றாம் வகைக் கலம் ஒன்றுடனும் 100 கிரெடிற் பணத்துடனும் தன் வாழ்வைத் தொடங்குகின்றான். கலத்தின் முகப்பில் எளிய லேசர் ஒன்று உண்டு. ஏவுகணைகள் மூன்று உண்டு. ஏழு ஒளியாண்டு தொலைவு செல்வதற்கு எரிபொருள் உண்டு. சரக்கறை 20 தொன் கொள்ளும். வேளாண்மைக் கோளிலே உணவுப்பொருளை மலிவாக வாங்கித் தொழில்வளக் கோளிலே விற்பதும், அங்கிருந்து கணினிகளையும் இயந்திரங்களையும் ஏற்றி மீள்வதும் அவனுக்குரிய தொழில். சந்தையிலுள்ள பொருள்வகை பதினேழு. அவற்றுள் அடிமைகள், போதைப்பொருள், படைக்கலங்கள் ஆகியன சட்டத்தால் விலக்கப்பட்டவை. அவற்றைக் கடத்துவோன் பெருலாபம் அடையலாம். ஆயினும் காவற்கலங்களின் பகையையும் தேடிக்கொள்வான்.

இவ்வாறு வணிகத்தை அடிப்படையாகக் கொண்டமையே இவ்விளையாட்டின் போருக்கு உயிரூட்டியது. வெறுஞ் சுடுதலையே பொருளாகக் கொண்ட விளையாட்டில், போர் போரின் பொருட்டே நிகழ்கின்றது. இங்கோ அது இரு துறைகளுக்கிடையே குறுக்கிடும் இடராகும். ஆட்டத்தின் நிலையைத் துறைநிலையத்தில் நிற்கும்போது மாத்திரமே பதிந்து வைக்க இயலும். எனவே, கைப்பொருள் அனைத்தையும் சரக்காக மாற்றிக்கொண்டு புறப்பட்ட மீகாமன் இடைவழியில் அழிவானாயின், இறுதியாகப் பதிந்ததன் பின்னர் ஈட்டிய யாவும் அவனோடு அழியும். இழப்பதற்கு ஒன்றை உடையவனே அச்சத்தை அறிவான். அச்சத்தை அறிந்தவனே சூழ்ச்சியைத் தேடுவான். இவ்விளையாட்டிலே போர்த்தந்திரம் பிறக்குமிடம் இதுவேயாம்.

திருக்குறளின் பொருட்பாலிலே 48, 49, 50ஆம் அதிகாரங்கள் முறையே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் எனப் பெயர்பெற்றுள்ளன. மன்னர்க்கு வகுக்கப்பட்ட இம்மூன்று தலைப்புக்களும் இவ்விளையாட்டின் போர்முறையை வகுத்துணர்வதற்கும் பெரிதும் பயன்படுவன.

முதலாவது வலியறிதல். கலத்தின் முன்னும் பின்னுமாக இரு காப்புத்திரைகளும், அவற்றின் பின்னணியாக நான்கு ஆற்றற் சேமங்களும் உள்ளன. அடி விழுந்த பக்கத்துத் திரை முதலில் தேயும். அது தீர்ந்தபின் சேமம் குறையும். சேமமும் தீர்ந்தால் கலம் அழியும். இவ்வலி எத்துணைத்து என்று அறிந்தவன், தொடக்கத்திலேயே அரசற்ற கோள்களுக்குச் செல்லத் துணியான். கோள்களின் ஆட்சிமுறை எட்டு வகையாகப் பகுக்கப்பட்டுள்ளது. கூட்டுத்தாபன ஆட்சியும் மக்களாட்சியும் நிலவும் கோள்களின் வழிகள் பெரும்பாலும் அமைதியானவை. அரசற்ற கோள்களின் வழிகளிலே கொள்ளைக்கலங்கள் கூட்டமாய் வரும். ஆகவே, போரின் முதல் முடிவு போர்க்களத்தில் எடுக்கப்படுவதன்று. துறையில் இருந்தவாறே வரைபடத்தை நோக்கும்போது எடுக்கப்படுவது. வந்த பொருளைச் செலவிடும் ஒழுங்கும் வலியறிதலின்பாற்படும். சரக்கறையை 35 தொன்னாக விரித்தற்கு 400 கிரெடிற்றும், வரும் ஏவுகணையை வானிலேயே வெடிக்கச் செய்யும் மின்னணுக் கருவிக்கு 600 கிரெடிற்றும், வலிய லேசருக்கு 1,000 கிரெடிற்றும் விலையாகும். இவற்றுள் எது முந்தியது என்னும் வினாவுக்கு விளையாட்டு விடை கூறுவதில்லை. சரக்கறையை முதலில் வாங்கியவன் விரைவிற் செல்வனாகலாம். விரைவில் இறக்கவுங் கூடும்.

இரண்டாவது இடனறிதல். திரையின் அடியில் நீள்வட்ட வடிவான காட்டி ஒன்று அமைந்துள்ளது. பகைக்கலம் ஒவ்வொன்றும் அதிலே சிறு புள்ளியாகத் தோன்றும். புள்ளியோடு இணைந்த நிலைக்குத்துக் கோடு அக்கலம் தன் கலத்தின் தளத்துக்கு மேலே உள்ளதா, கீழே உள்ளதா என்பதை உணர்த்தும். தட்டையான திரையிலே மூன்று பரிமாண வெளியைக் கண்முன் நிறுத்தும் இக்காட்டி வடிவமைப்பிற் சிறந்ததொன்று எனலாம். புதியவன் எதிரே தெரியும் பகைவனையே நோக்கிக்கொண்டிருப்பான். பழகியவன் காட்டியை நோக்குவான். கலம் இடம்வலமாகத் திரும்புவதில்லை. தன் அச்சிற் சுழன்றும் மூக்கை உயர்த்தித் தாழ்த்தியுமே திசை மாறும். ஆதலாற் பகைவனை இலக்கிற் கொணர்வதற்கு, முதலிற் சுழன்று அவனைத் தலைக்கு நேராக்கிப் பின்னர் மேல் எழும்புதல் வேண்டும். விரைவைக் குறைத்தால் வளைவு சிறுகும் என்பதையும், அருகே வந்து கடந்துசெல்லும் பகைவனின் பின்புறமே தனக்குரிய இடம் என்பதையும் அவன் படிப்படியாக உணர்வான். பிற்பக்கத்திலும் லேசர் பொருத்தியவன், துறையை நோக்கி விரையும்போதே தன்னைத் துரத்துவோரை ஒரே வரிசையிற் பெறலாம். புறங்கொடுத்தலே அங்குப் போர்முறையாகின்றது.

மூன்றாவது காலமறிதல். லேசரை இடைவிடாது இயக்கினால் அது சூடேறி ஓய்ந்துவிடும். பதற்றத்திற் சுடுபவன், பகைவன் இலக்கில் வந்த கணத்திலே வெறுங்கையனாய் நிற்பான். ஏவுகணையை அழிக்கும் கருவியும் ஆற்றலை உண்பதாகலின் அதனைக் காரணமின்றி இயக்குதல் தகாது. ஆற்றற் சேமம் நேரஞ் செல்லச் செல்லத் தானே நிரம்பும். எனவே, சற்று விலகி ஓடுதல் கோழைமை அன்று. கலத்தின் வலியை மீட்கும் வழியாகும். எரிபொருள் எஞ்சியிருப்பின், போரின் நடுவிலேயே வேறொரு கோட்டொகுதிக்குப் பாய்வதற்கான எண்ணிக்கையைத் தொடங்கி, அது முடியும் வரை தாக்குப்பிடித்தும் தப்பலாம். யாதும் இயலாதவிடத்து, 1,000 கிரெடிற் கொடுத்து முன்னரே வாங்கிய உயிர்காப்புக் கூடு உண்டாயின், கலத்தையும் சரக்கையும் துறந்து உயிரைக் காத்துக்கொள்ளலாம். எப்பொழுது பொருதல், எப்பொழுது ஓடுதல், எப்பொழுது அனைத்தையுங் கைவிடுதல் என்னும் மூன்றையும் பகுத்தறிதலே இப்போர்க்கலையின் முடிந்த நிலை எனலாம்.

மேற்கூறிய அறிவுள் எதுவும் மீகாமனுடைய ஏட்டிலே எண்ணாக இடம்பெறவில்லை என்பது நோக்கற்பாலது. அவன் நூறு போர்களில் வென்றமையால் அவனது லேசர் வலிமை பெறுவதில்லை. அவன் கலம் விரைவாகத் திரும்புவதுமில்லை. பணங் கொடுத்து வாங்கும் கருவிகள் தவிர்ந்த ஏனைய வளர்ச்சி முழுவதும் ஆடுவோனின் கண்ணிலும் கையிலும் கருத்திலுமே நிகழ்கின்றது. இதற்குத் துறைசேர்தல் தக்க சான்றாகும். துறைநிலையம் ஓயாது சுழல்வது. அதன் வாயிலோ ஒடுங்கியது. அது கோளை நோக்கிய பக்கத்திலே அமைந்துள்ளது. அச்சுழற்சிக்கு இயையத் தன் கலத்தையும் சுழற்றிக்கொண்டு மீகாமன் உள்ளே புகுதல் வேண்டும். புதியவர் பலர் கொள்ளையரிடந் தப்பி வந்து இவ்வாயிலில் மோதி மடிவர். இவ்வருத்தத்தை நீக்குதற்குத் தானாகவே துறைசேர்க்குங் கருவி 1,500 கிரெடிற்றுக்கு விற்கப்படுகின்றது. ஆனால் அத்தொகையை ஈட்டும் அளவிற்குப் பலமுறை துறைசேர்ந்தவனுக்கு அக்கருவி பெரிதும் வேண்டப்படுவதில்லை. தேர்ச்சி விலைக்குக் கிடைக்கும் நாளிலே அது வாங்க வேண்டாத பொருளாகிவிடுகின்றது. ஆக்கியோர் கருதி அமைத்தாராயினும் கருதாது அமைத்தாராயினும், கல்வியின் இயல்பை இத்துணைத் தெளிவாகக் காட்டும் இடம் இவ்விளையாட்டிற் பிறிதொன்றில்லை.

இனி, இவ்விளையாட்டு தன் மீகாமனுக்கு வழங்கும் தரவரிசையை ஆராய்தல் வேண்டும். அது ஒன்பது படிகளையுடையது. தீங்கற்றவன் என்னும் பெயரோடு தொடங்கும் மீகாமன், எட்டுக் கலங்களை அழித்ததும் பெரும்பாலுந் தீங்கற்றவன் ஆகின்றான். 16 கலங்களில் தாழ்ந்தவன், 32இல் நடுத்தரத்தான், 64இல் நடுத்தரத்தின் மேலோன், 128இல் தகுதியுடையோன், 512இல் அஞ்சத்தக்கவன், 2,560இல் கொல்லவல்லவன் என உயர்ந்து, 6,400 கலங்களை அழித்தபின்னரே எலைற், அஃதாவது தெரிந்தெடுக்கப்பட்ட சிறந்தோன், என்னும் பட்டத்தை அடைகின்றான். இடையிடையே 256 கலங்கள் அழிந்ததும் திரையிலே ஒரு பாராட்டுரையும் தோன்றும். முதற் பதிப்பிலே இக்கணக்கு அழிவின் எண்ணிக்கையன்றி வேறில்லை. கொள்ளையனை அழித்தாலும் அமைதியாகச் செல்லும் வணிகனை அழித்தாலும் தரக்கணக்கில் ஒன்றே கூடும். குற்றம் வேறொரு பதிவிலே குறிக்கப்படுமாயினும், தரவரிசை அதனைக் கருதுவதில்லை.

இவ்வளவுகோலிலே இரு குறைகள் உள. தகுதியுடையோன் என்னும் படியை 128 கலங்களில் எய்துபவன் சிறந்தோன் ஆவதற்கு மேலும் 6,272 கலங்களை அழித்தல் வேண்டும். மொத்தத் தொகையில் இது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்காகும். போரின் நுட்பங்களைக் கற்பது பெரும்பாலும் முதல் நூற்றுக்கணக்கான போர்களிலேயே முடிந்துவிடும். அதற்கு மேற்பட்ட ஆயிரங்கள் பொறுமையை அளக்குமேயன்றித் திறமையை அளக்கா. பதினொரு முறை ஒரே பாடத்தை ஒப்புவித்த மாணவனைப் பதினோராம் வகுப்பு மாணவன் என்று கொள்வதை ஒத்தது இது.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. வலியறிந்து வழியைத் தெரிந்தமை, காலமறிந்து ஓடியமை, சரக்கைத் துறந்து உயிர்காத்தமை ஆகிய யாவும் தரக்கணக்கிற் சுழியமே. ஐந்து கொள்ளைக்கலங்களுக்கு நடுவே புகுந்து ஒரு குண்டும் வீணாக்காது துறைசேர்ந்த மீகாமன், அன்று காலை புறப்பட்டபோது எத்தரத்தினனோ அத்தரத்தினனாகவே இருப்பான். விளையாட்டு எதனைக் கற்பிக்கின்றதோ அதனைப் போற்றவில்லை. எதனைப் போற்றுகின்றதோ அதனைக் கற்பித்தற்குப் பெரிதும் முயலவுமில்லை. இதன் விளைவு ஆட்டத்தின் பிற்பகுதியிலே வெளிப்படும். வேண்டிய கருவிகளையெல்லாம் வாங்கிய மீகாமனுக்கு வணிகத்தால் ஆவது யாதுமில்லை. எஞ்சியிருப்பது பட்டமே. அதன்பொருட்டு அவன் முன்பு அஞ்சி ஒதுங்கிய அரசற்ற கோள்களைத் தேடிச் செல்கின்றான். வணிகன் வேட்டுவனாகின்றான், 2,048 கோட்டொகுதிகள் கொண்ட பேருலகம் வேட்டைக்காடாகச் சுருங்குகின்றது.

இதற்கு மறுப்பாகச் சில கூறலாம். முடிவில்லாத ஆட்டத்துக்கு ஓர் இலக்கு வேண்டும். எண்ணி முடிக்கத்தக்க ஒன்றே இலக்காக அமையும். 32 கிலோபைற்று நினைவகத்திலே விவேகத்தை அளக்கும் கருவியை அமைத்தல் அரிது. இவை ஏற்கத்தக்கனவே. தப்பியோடியவனின் திறமை தரக்கணக்கில் இல்லையாயினும் அவனது சரக்கறையில் உண்டு. காத்துக் கொணர்ந்த பொருளின் விலையே அவனுக்குரிய பரிசு என்று கூறுவதும் பொருத்தமுடையதே. ஆயின் பொருளும் புகழும் ஒன்றல்ல. விளையாட்டின் பெயரே உச்சப் பட்டத்தின் பெயராயிருக்க, அப்பட்டம் அழிவை மாத்திரம் எண்ணி வழங்கப்படுமாயின், அவ்விளையாட்டு எத்தகையோனைச் சிறந்தோன் எனக் கருதுகின்றது என்பதில் ஐயமில்லை.

பின்வந்த ஆக்கங்கள் இக்குறையை வெவ்வேறு வழிகளில் அணுகின. பிறேபன் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வுறொன்ரியர்’ என்னும் இரண்டாம் பாகம் நியூற்றனின் இயக்க விதிகளைத் தழுவியது. உண்மைக்கு அணுகிய அம்மாற்றத்தாற் கலங்கள் பெருவிரைவில் ஒன்றையொன்று கடந்துசெல்வனவாயின; முதற் பாகத்தில் இடனறிதலுக்கிருந்த நெருக்கமான சுவை பெரிதும் குன்றியது. ட்றீஸ் சகோதரர் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்ரார் ட்றேடர்ஸ்: வுறொன்ரியர்ஸ்’ முற்றிலும் வேறொரு நெறியைக் கைக்கொண்டது. அதிலே போர் முறை வைத்து ஆடப்படுவது. கலங்களுக்கிடையேயுள்ள தொலைவு ஐந்து படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. நெருங்குதல், பின்வாங்குதல், தப்புதல் என்பன சமமான தெரிவுகளாக முன்வைக்கப்படுகின்றன. கலஞ் செலுத்தல், சுடுதல், வழிகாணல் முதலிய திறன்கள் மீகாமனுக்கும் அவனுடைய பணியாளருக்கும் எண்களாக வகுக்கப்பட்டுள்ளன. வணிகனும் கடத்துவோனும் ஒற்றனும் தத்தம் தொழிலிலே தேர்ச்சி பெறலாம். மீகாமன் தனியனல்லன், பலருடைய திறமையை ஒருங்கிணைப்பவன் என்னும் உண்மையை இவ்வாக்கம் நன்கு உணர்த்துகின்றது. தப்பியோடுதற்குரிய திறமையும் இங்கே ஏட்டில் ஏறுகின்றது. ஆயினும் ஒன்று இழக்கப்பட்டது. மீகாமன் உயர்ந்தான் என்று ஏடு கூறும். அவனை இயக்குவோனின் கை உயர்ந்ததா என்பதை அவ்வேடு கூறமாட்டாது. அங்கு ஆடுவோன் கற்பது தெரிவு செய்யும் திறனேயன்றிச் செய்துமுடிக்குந் திறனன்று.

முதல் ஆக்கத்தின் வழித்தோன்றலாகிய ‘எலைற்: டேஞ்சறஸ்’ 2014ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிவந்தபோது, தரவரிசை போருக்கு ஒன்று, வணிகத்துக்கு ஒன்று, புதிய இடங்களை ஆராய்தலுக்கு ஒன்று என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மூன்றிலும் உச்சப் பட்டம் ‘எலைற்’ என்பதே. முப்பது ஆண்டுகளின் பின்னர், ஒரு கலத்தையும் அழியாத வணிகனும் சிறந்தோன் ஆகலாம் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. முதலளவுகோல் குறையுடையது என்பதற்கு ஆக்கியோர் தரப்பிலிருந்தே கிடைத்த சான்றாக இதனைக் கொள்ளலாம். எனினும் வணிகத் தரமும் ஈட்டிய இலாபத்தின் தொகையையே எண்ணுகின்றது. எண்ணப்படும் பொருள் மாறிற்று. எண்ணும் முறை மாறவில்லை. தொகை பெருகியமை வேறு, திறமை முதிர்ந்தமை வேறு என்னும் வேறுபாடு இன்னும் அளவுகோலினுள் இடம்பெறவில்லை.

ஆகவே ‘எலைற்’ பற்றிய மதிப்பீடு இருபாற்பட்டதாகவே அமைதல் வேண்டும். மீகாமனை உருவாக்கும் முறையில் அது தன் வழிவந்த பலவற்றினும் நேர்மையானது. ஆடுவோனுக்குப் பொய்யான வளர்ச்சி எதனையும் அது கொடுக்கவில்லை. கற்றது கையிலில்லையாயின் பட்டம் எதுவும் அவனைத் துறைநிலைய வாயிலிற் காப்பாற்றாது. அம்மீகாமனை மதிக்கும் முறையிலோ அது தவறியது. அழித்தவற்றை எண்ணிற்று, காத்தவற்றை எண்ணவில்லை. தேர்ச்சியை எண்ணாற் குறிக்க முயலும் எவருக்கும் இத்தவறு ஓர் எச்சரிக்கையாகும். அளவுகோலிற் பதியாத விவேகமும் விவேகமே. நிறைந்த சரக்கறையோடும் தீங்கற்றவன் என்னும் பெயரோடும் துறைசேர்ந்த மீகாமன், அப்பெயரையிட்டு நாணவேண்டுவதில்லை.